தில்லி – சென்னை: 1,760 கிலோமீட்டர் தூரத்துக்கு 2 மணி 50 நிமிடம் ஏன்?

மயூர்விகார் மருமகன்:

அனைவருக்கும் வணக்கம். வரும் தை 3ஆம் நாள் காஞ்சிபுரத்தில் என் மாமனாருக்குச் சதாபிஷேகம் நடக்கவிருக்கிறது. முகூர்த்தம் காலை 10.30 முதல் 12 மணி வரை. மனைவியும் பிள்ளைகளும் பொங்கலுக்கு முன்பே ஊருக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு முந்தைய நாள் மாலை வரை அலுவலக வேலை இருப்பதால், அன்று அதிகாலை 6 மணி விமானத்தில் கிளம்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

நான் போட்ட கணக்கு இதுதான். வரைபடத்தில் அளந்து பார்த்தால் தில்லி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு 1,760 கிலோமீட்டர் வருகிறது. ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். வகுத்தால் 2 மணி 4 நிமிடம். அப்படியானால் 8 மணிக்கு மீனம்பாக்கம், 10 மணிக்குக் காஞ்சிபுரம், முகூர்த்தத்துக்கு அரை மணி மிச்சம்.

ஆனால் முன்பதிவு செய்யப் போனால், 6 மணிக்குப் புறப்படும் விமானம் 8.50க்குத்தான் சென்னை சேரும் என்று காட்டுகிறது. திரும்பி வரும் விமானத்துக்கு அதே தூரத்துக்கு 2 மணி 55 நிமிடம் போட்டிருக்கிறார்கள். போன முறை போனபோது விமானி ஒலிபெருக்கியில் "பறக்கும் நேரம் 2 மணி 25 நிமிடம்" என்று அறிவித்தது நன்றாக நினைவிருக்கிறது. இதற்கு நடுவில், வீட்டில் கிடந்த பழைய ரயில் டிக்கெட் ஒன்றில் தூரம் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் என்று அச்சாகியிருக்கிறது. ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே இத்தனை தூரங்களும் இத்தனை நேரங்களும் எப்படி வந்தன? இவற்றில் எதை நம்பி நான் பயணத்தைத் திட்டமிடுவது? விமான நிறுவனங்கள் வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டிக் காட்டுகின்றனவா?

துவாரகா துரை:

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, காற்றுதான் காரணம். மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. போகும்போது தள்ளிவிடும், வரும்போது தடுக்கும். அதனால்தான் போக ஒரு நேரமும் வர ஒரு நேரமும்.

பறக்கும் கணக்கர்:

துரை அவர்கள் சொல்வது தில்லியிலிருந்து கொல்கத்தாவுக்கோ குவாஹாட்டிக்கோ போகிறவர்களுக்கு முழுக்கப் பொருந்தும். சென்னைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. விமானங்களின் பறத்தல் திட்டம் தயாரிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தூரம். நீங்கள் அளந்த 1,760 கிலோமீட்டர் சரியானது. பூமியின் வளைவை ஒட்டி இரு விமான நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு அது. எங்கள் கணக்கில் ஏறத்தாழ 950 கடல் மைல். ஆனால் அந்தக் கோட்டின் மேல் எந்த விமானமும் அப்படியே பறப்பதில்லை. வானிலும் வகுக்கப்பட்ட வழித்தடங்கள் உண்டு. பெயரிடப்பட்ட ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு என்று போக வேண்டும். குவாலியர் போன்ற விமானப்படைத் தளங்களைச் சுற்றியுள்ள வான்வெளிக்கு மதிப்புக் கொடுத்து விலகவும் வேண்டும். இவை தவிர, இரண்டு முனைகளிலும் ஒரு சுற்று இருக்கிறது, இதைப் பயணிகள் கவனிப்பதே இல்லை. தில்லியின் நான்கு ஓடுபாதைகளும் ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. நீங்கள் போக வேண்டியதோ தெற்கே. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில் விமானம் காற்றை எதிர்கொண்டு மேற்கு நோக்கி எழும்பிவிட்டுத்தான் தெற்கே திரும்பும்.

சென்னையில் தை மாதத்தில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. அதை எதிர்கொண்டு இறங்க வேண்டுமானால் வடக்கிலிருந்து வரும் விமானம் நகரத்துக்கு மேற்கே வந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமாகத் திரும்பி, பிறகு மீனம்பாக்கத்தை நோக்கி வர வேண்டும். காஞ்சிபுரம் போகும் உங்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: கிட்டத்தட்ட எந்த ஊர்களின் மேலாகப் பறந்து வந்து இறங்குகிறீர்களோ, அதே ஊர்களின் வழியாக மறுபடியும் காரில் மேற்கே போகப் போகிறீர்கள். இந்த வளைவுகளையெல்லாம் சேர்த்தால் பறக்கும் தூரம் 1,800 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

அடுத்து வேகம். உங்கள் கணக்கு தடுமாறிய இடம் இதுதான். மணிக்கு 830, 850 என்பதெல்லாம் உச்ச உயரத்தில் சீராகப் பறக்கும்போது மட்டும் கிடைக்கும் வேகம். இந்தத் தடத்தில் அதிகம் ஓடும் ஏர்பஸ் 320 வகை விமானங்கள் ஒலியின் வேகத்தில் 78 சதவீதத்தை ஒட்டிப் பறக்கின்றன. அந்த உயரத்தின் கடுங்குளிரில் ஒலியின் வேகமே குறைந்துவிடுவதால் அது மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டராகிறது. 10,000 அடிக்குக் கீழே இருக்கும்வரை 250 நாட் என்ற வரம்பு உண்டு, அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர் சொச்சம். மேலே ஏறி முடிக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். இறங்குவதோ ஊர் வருவதற்கு 200 கிலோமீட்டர் முன்பே தொடங்கிவிடும். எஞ்சின் சத்தம் தணிந்து காது அடைக்கிறதே, அந்த இடம் அநேகமாக ஆந்திர எல்லைக்குள் இருக்கும். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து 440 கிலோமீட்டரை 47 நிமிடத்தில் கடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,360 கிலோமீட்டருக்கு 98 நிமிடம். கூட்டினால் 145 நிமிடம், அதாவது 2 மணி 25 நிமிடம். உங்கள் விமானி சொன்னதும் இதைத்தான். சக்கரம் தரையை விட்ட நொடியிலிருந்து மறுபடி தரையைத் தொடும் நொடிவரை உள்ள நேரம் அது.

டிக்கெட்டில் போடுவது வேறு நேரம். விமானம் தன் நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்படும் கணத்தில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கணத்தில் முடியும் அந்த நேரத்தைத் தொழிலில் பிளாக் டைம் என்போம். தில்லியில் இழுவை வண்டி தள்ளிவிட்டு, எஞ்சினை இயக்கி, தொலைவிலுள்ள ஓடுபாதைவரை ஊர்ந்து, முன்னே நிற்கும் நாலைந்து விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று எழும்புவதற்குள் 15 நிமிடம் எளிதாகப் போய்விடும். காலை நெரிசலில் 20 கூட ஆகலாம். சென்னையில் இறங்கியபின் 5, 6 நிமிடம். அதற்கு மேல் தாமதம் வந்தால் ஈடுகட்டச் சிறிது உபரி நேரத்தையும் நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. கூட்டிக் காட்டுகிறார்களா என்று கேட்டீர்கள், ஓரளவுக்கு ஆம். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்தில் வந்ததாகவே கணக்கு. அந்தக் கணக்கில் நல்ல பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் இருட்டில் ஒரு மணி நேரத்தைச் சொருகிவிட முடியாது. விமானமும் அதை ஓட்டுபவர்களும் அடுத்த பயணத்துக்குத் தேவைப்படுகிறார்கள், கூட்டும் ஒவ்வொரு நிமிடமும் செலவு.

இனி காற்று. சென்னை தில்லிக்கு நேர் தெற்கே இல்லை. சுமார் 10 பாகை கிழக்கே சாய்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் மேற்குக் காற்று வீசுகிறது என்று வைத்தால், அதில் விமானத்தை முதுகில் தள்ளும் பகுதி 27 கிலோமீட்டர்தான். மீதியெல்லாம் விலாவில் அடிக்கும் காற்று. அது ஒதுக்கிவிடாமல் இருக்க விமானம் மூக்கைச் சற்று மேற்கே திருப்பிக்கொண்டு, நண்டுபோல் சாய்வாகப் பறக்க வேண்டும். அதில் 13 கிலோமீட்டர் வேகம் இழப்பாகும். ஆகப் போகும்போது 14 கிலோமீட்டர் லாபம், வரும்போது 40 கிலோமீட்டர் நட்டம். அதுவும் அந்தக் காற்று பலமாக இருக்கும் வடக்கு மூன்றிலொரு பங்குத் தூரத்துக்கு மட்டும். நிமிடத்தில் பார்த்தால் போக்குக்கும் வரவுக்கும் 3 நிமிட வித்தியாசம் வரும். திரும்பும் பயணத்துக்கு 5 நிமிடம் அதிகம் போட்டிருப்பதில் காற்றுக்குப் பங்கு உண்டு. தில்லியை நெருங்கும்போது வரிசையில் காத்திருக்க வைப்பதற்கும் இறங்கியபின் நீண்ட தூரம் ஊர்வதற்கும் அதற்கு இணையான பங்கு உண்டு.

துவாரகா துரை:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. நான் கொல்கத்தாவுக்கு அடிக்கடி போகிறவன், அந்த அனுபவத்தை வைத்துப் பொதுவாகச் சொல்லிவிட்டேன். அப்படியானால் கோயம்புத்தூருக்கு எப்படி?

பறக்கும் கணக்கர்:

கோயம்புத்தூர் அழகான உதாரணம். தில்லி விமான நிலையமும் கோவை விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கின்றன. தில்லியில் ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டுத் தெற்கே நீட்டினால் கோவையில் போய் முட்டும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். தூரம் 1,950 கிலோமீட்டரை ஒட்டி வரும். அங்கே மேற்குக் காற்று தள்ளுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. போகும்போதும் வரும்போதும் விலாவில் மட்டும்தான் அடிக்கும்.

கரோல்பாக் பெரியவர்:

ரயில் தூரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. ரயில்வேயின் கணக்குத் துறையில் ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

உங்கள் பழைய டிக்கெட்டில் உள்ள 2,180 கிலோமீட்டர், தண்டவாளத்தின் மேல் அளந்த தூரம். ரயில் கட்டணம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற அடிப்படையில் விதிக்கப்படுவதால் அந்தத் தூரத்தை டிக்கெட்டில் அச்சிடுவது எங்கள் துறையின் வழக்கம். விமான டிக்கெட்டில் தூரம் போடுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே கட்டணத்துக்கும் தூரத்துக்கும் உள்ள உறவு ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வான் தூரத்தைவிட ரயில் தூரம் 420 கிலோமீட்டர் கூடுதலாக இருப்பது எதனால் என்றால், இரண்டு இடங்களில் பாதை விலகுகிறது. தில்லியிலிருந்து ஆக்ரா, குவாலியர், ஜான்சி என்று வந்த பாதை, மேற்கே சாய்ந்து போபாலுக்கும் இட்டார்சிக்கும் இறங்கி, அங்கிருந்து கிழக்கே திரும்பி நாக்பூருக்கு வருகிறது. பிறகு பல்லார்ஷா, வாரங்கல் வழியாக விஜயவாடாவுக்குப் போய், அங்கிருந்து கடற்கரையை ஒட்டிச் சென்னைக்கு இறங்குகிறது. இதில் நான் பல முறை வியந்த ஒரு பொருத்தம் உண்டு. தில்லியிலிருந்து நாக்பூருக்கு ரயிலில் ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர், நாக்பூரிலிருந்து சென்னைக்கும் ஏறத்தாழ 1,090. வானில் நேர்கோடு போட்டாலும் நடுப்புள்ளி நாக்பூருக்குப் பக்கத்திலேயே விழுகிறது. ரயில் வளைந்தாலும் விமானம் நேரே போனாலும் பாதி வழி நாக்பூர்தான்.

இந்த நடுப்புள்ளியை நாடு முன்பு பயன்படுத்திக்கொண்டதும் உண்டு. 1949இல் தொடங்கிய இரவு விமானத் தபால் சேவையில் தில்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பி நாக்பூரில் கூடும். அங்கே தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். கட்டணம் குறைவு என்பதால் பயணிகளும் அதில் போனார்கள். நள்ளிரவில் நாக்பூரில் இறங்கி, கொட்டாவி விட்டபடி விமானம் மாறியவர்கள் சிலரை நான் கரோல்பாகில் அறிவேன். அவர்களிடம் போய் 2 மணி 50 நிமிடம் அதிகம் என்று சொல்லிப் பாருங்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976இல் வந்தது. இன்றும் சுமார் 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் முகூர்த்தத்துக்கு அது உதவாது, ஒப்புக்கொள்கிறேன்.

தூரத்தைப் பற்றிய பேச்சு என்பதால் இன்னொன்று. நீங்கள் இறங்கப் போகும் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை இருக்கிறது. இந்தியாவின் தூரங்களை முதன்முதலில் துல்லியமாக அளந்த பெரும் நில அளவைக்கு வில்லியம் லாம்ப்டன் 1802இல் அடிப்படைக் கோட்டை அளந்தது அந்த மலையடிவாரத்தில்தான். சங்கிலியை வைத்து 7 மைல் சொச்சத்தை அளந்தார்கள். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போய் இமயமலை அடிவாரம்வரை எட்டினார்கள். இன்று கைப்பேசியில் விரலை வைத்தால் 1,760 என்று வந்துவிடுகிறது.

மலைமந்திர் வாசி:

கணக்கெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் தம்பி கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்றல்லவா அவர் பார்க்கிறார்?

தம்பி, காகிதத்திலேயே முடியாது. 8.50க்கு விமானம் நிற்கும். பெட்டி எடுக்காமல் கைப்பையோடு வந்தாலும், கதவு திறந்து, நடந்து வெளியே வந்து, காரில் ஏற 9.15. அங்கிருந்து காஞ்சிபுரம் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைத்து எண்ண வேண்டாம். மண்டபத்துக்குள் நுழையும்போது மணி 10.45, வேட்டி மாற்ற 10 நிமிடம். மாப்பிள்ளை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், தை 3 என்பது ஜனவரி நடுப்பகுதி. தில்லியின் மூடுபனிக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் உச்சம், அதிலும் விடியற்காலை 3 மணியிலிருந்து 9 மணிவரை மிகவும் அடர்த்தியாக இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் 6 மணி அதன் நடு வயிற்றில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஜனவரியில் அப்படி ஒரு காலை விமானத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டபின், நிறுத்துமிடத்திலேயே மூன்றரை மணி நேரம் இருந்தேன். சன்னலுக்கு வெளியே இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தன் அக்கா மகள் திருமணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். தாலி கட்டியதை விமானத்துக்குள் இருந்தபடியே கைப்பேசியில்தான் பார்த்தார்.

மயூர் விகாரிலிருந்து விமான நிலையத்துக்கு 30 கிலோமீட்டர் இருக்கும். 6 மணி விமானத்துக்கு நாலேகாலுக்காவது உள்ளே இருக்க வேண்டும். செக்-இன் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள், ஏறும் வாயில் 25 நிமிடம் முன்பு. அந்த நேரத்தில் நீல வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கியிருக்காது, டாக்சிதான். பனியில் டாக்சி மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும். ஆகவே வீட்டை விட்டு இரண்டரை, மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். வீட்டுவாசலிலிருந்து மண்டப வாசல்வரை எண்ணினால் உங்கள் 2 மணி 4 நிமிடம் எட்டு மணி நேரத்துக்குப் பக்கமாக வந்து நிற்கிறது.

என் யோசனை, முந்தைய நாள் அரை நாள் விடுப்புக் கேளுங்கள். பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணிக்குள் கிளம்பும் விமானம் எதுவானாலும் பரவாயில்லை. வெயில் வந்து பனி விலகியிருக்கும், காலையில் தாமதமான விமானங்களின் சிக்கலும் ஓரளவு அவிழ்ந்திருக்கும்.

பொங்கலுக்கு முன்பே போகும் உங்கள் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: போகி அன்று விடியற்காலை சென்னையில் இறங்கும் விமானத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பழையன எரிக்கும் புகை பனியோடு சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமானதும் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டதும் நடந்திருக்கிறது.

பறக்கும் கணக்கர்:

மலைமந்திர் அம்மா சொல்வதை முழுமையாக வழிமொழிகிறேன். நுட்பமான ஒரு விவரம் மட்டும் சேர்க்கிறேன். தில்லியில் மிக அடர்ந்த பனியிலும் இறங்க உதவும் கருவிகள் இருக்கின்றன. ஓடுபாதையில் 50 மீட்டர்வரை கண்ணுக்குத் தெரிந்தாலே, அதற்குரிய கருவி பொருத்தப்பட்ட விமானம், அதற்குப் பயிற்சி பெற்ற விமானி இருந்தால் இறங்கிவிட முடியும். ஆனால் எழும்புவதற்கு 125 மீட்டர் தெரிய வேண்டும். இறங்க முடிகிற விமானத்தால் ஏன் கிளம்ப முடியவில்லை என்று பயணிகள் கோபப்படுவது இதனால்தான். இறங்கும்போது கருவியே வழிநடத்துகிறது. எழும்பும்போது ஓடுபாதையில் விமானத்தை நேராக வைத்திருப்பது விமானியின் கண். இரண்டு விமானங்களுக்கு இடையேயான இடைவெளியையும் பனி நாளில் கூட்டிவிடுவார்கள், அதனால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

மயூர்விகார் மருமகன்:

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. அம்மா போட்ட கணக்கைக் கண்டதும் மேலதிகாரியிடம் போய் அரை நாள் விடுப்புக் கேட்டு வாங்கிவிட்டேன். தை 2ஆம் நாள் மாலை 4.10 விமானத்தில் பதிவு செய்திருக்கிறேன், சென்னையில் 7 மணிக்கு இறக்கிவிடும். இரவு காஞ்சிபுரத்தில் தங்கல். இந்த முறை சன்னலோரத்தில் உட்கார்ந்து, எஞ்சின் சத்தம் தணியும் இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போகிறேன்.

பெரியவருக்கு ஒரு கேள்வி. குடும்பத்தோடு திரும்பி வருவதை தமிழ்நாடு எக்ஸ்பிரசிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். பிள்ளைகள் இதுவரை விமானத்தைத் தவிர வேறு எதிலும் சென்னைக்கும் தில்லிக்கும் இடையே பயணித்ததில்லை. நாக்பூரைப் பகலில் கடக்குமா?

கரோல்பாக் பெரியவர்:

கடக்கும். சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் மறுநாள் பிற்பகலில் நாக்பூர், அதற்கு அடுத்த நாள் காலையில் புது தில்லி. நாக்பூருக்கு முன்பும் இட்டார்சிக்கு முன்பும் காடும் மலையுமாக நல்ல இடங்கள் உண்டு, பிள்ளைகளைச் சன்னல் பக்கம் உட்கார வையுங்கள். ஆனால் சோம்பல் வேண்டாம். 2024 நவம்பர் முதல் முன்பதிவை 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறார்கள். பொங்கல் முடிந்து தில்லிக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் அன்று காலை 8 மணிக்கே காத்திருப்பார்கள். தேதியை இப்போதே நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.